இரண்டு மரக்கால்

"நூறு கலம்னா எவ்வளவும்மா?"

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்துகொண்டு மகள் கேட்டாள். பதினோரு வயது. நான்காம் வகுப்போடு நிறுத்தி, வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். கணக்கும் அறிவியலும் அவள் அப்பா பொறுப்பு, வரலாறு என் பொறுப்பு. பதினான்கு வயதானால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். உறவுக்காரர்கள் கேட்கும்போது அதைச் சொல்கிறேன், முழுசாக நம்புகிறவர்கள் குறைவு.

கோயிலை ராஜராஜன் 1010-ல் கட்டி முடித்தான் என்பது எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. அவளைப் பிடித்து நிறுத்தியது வேறு. திருவாரூர், திருவையாறு என்று பல ஊர்க் கோயில்களிலிருந்து அழைத்துவந்து இங்கே குடியமர்த்திய நானூறு பெண்களின் பெயர்கள் கல்லில் இருக்கின்றன. பெயரோடு எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு (வரிசை), எத்தனையாவது வீடு என்பதும் இருக்கிறது. தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு, தலைவீடு. "கதவு நம்பர் மாதிரியே இருக்கு" என்றாள். ஒரு பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். அளந்த மரக்காலுக்கும் பெயர் உண்டு: ஆடவல்லான். நடனமாடும் இறைவனின் பெயர்.

"சாமி பேரு வச்சா யாரும் குறைச்சு அளக்க மாட்டாங்கன்னு வச்சிருப்பாங்களோ?"

அப்படியும் இருக்கலாம் என்றேன். அந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்து நிற்கும் என்று அப்போது நினைக்கவில்லை.

எங்கள் ஊர் திருவாரூர் பக்கம். அங்கே என் அப்பாயி இருக்கிறார். மேட்டூர் அணை திறந்த வருசம் பிறந்தவர் என்று வீட்டில் சொல்வார்கள், அப்படியானால் 1934. மகளுக்கு வரலாற்றில் முதல் ஆசிரியர் அவர்தான். அப்பாயியின் கதைகளுக்குத் தேதி கிடையாது. அதனால் தேதி கண்டுபிடிக்க இவள் ஒரு வழி வைத்திருக்கிறாள். கதையில் காசு வந்தால், "அணாவா, நயாபைசாவா அப்பாயி?" என்று கேட்பாள். அணா என்றால் 1957 ஏப்ரலுக்கு முன்னால், நயாபைசா என்றால் பின்னால். கல்யாணம் நடந்தது கண்ட்ரோல் காலத்தில், விருந்துக்கு அரிசி சேர்க்கப் பட்ட பாடு கொஞ்சமில்லை என்று அப்பாயி சொன்னார். உணவுக் கட்டுப்பாட்டை ராஜாஜி நீக்கியது 1952-ல். பதினேழு வயதில் கல்யாணம் என்றால் 1951. சரியாகப் பொருந்தியது. ஆனால் எம்டன் கப்பல் சென்னையில் குண்டு போட்டதைத் தாமே பார்த்ததுபோல் சொன்ன கதை பொருந்தவில்லை. அது 1914. "அது உங்கம்மா சொன்னதா இருக்கும் அப்பாயி" என்று இவள் சொன்னபோது, அவர் கொஞ்சநேரம் யோசித்துவிட்டு ஆமாம் என்றார். பாடப்புத்தகத்தை நான் ஒதுக்கவில்லை. முகலாயர் வரிசை எந்த வீட்டுத் திண்ணையிலும் கிடைக்காது. ஆனால், கேட்டதை நம்பி, நம்பியதைச் சரிபார்க்கிற பழக்கம் இவளுக்குத் திண்ணையில்தான் வந்தது.

தஞ்சாவூரிலிருந்து திரும்பியதும் நேரே அப்பாயியிடம் போனாள். கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால் என்று அவர் சட்டென்று சொன்னார். அப்படியானால் ஆயிரத்து இருநூறு மரக்கால். ஒரு மரக்கால் எவ்வளவு பிடிக்கும்? ராஜராஜன் காலத்து மரக்காலுக்கு நாங்கள் எங்கே போவது, நம் வீட்டு மரக்காலையாவது பார்ப்போம் என்று பரணிலிருந்து இறக்கினோம். இரண்டு இருந்தன. இரும்புப் பூண் போட்ட மரம், ஒன்றைப் போலவே ஒன்று.

ஒன்றில் அரிசியைக் கொட்டித் தலைதட்டினாள். அதை அப்படியே மற்றதில் சாய்த்தாள். நிரம்பி, வழிந்து, முறத்தில் விழுந்தது. மறுபடி செய்தாள், மறுபடியும் வழிந்தது. முறத்தில் விழுந்ததை அள்ளி டம்ளரில் அளந்தாள். இரண்டு டம்ளர்.

"ஏம்மா ரெண்டும் ஒண்ணா இல்ல?"

எனக்குத் தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை. நாற்பது வருடம் அந்தப் பரணுக்குக் கீழே நடந்திருக்கிறேன். அப்பாயி சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "பெருசு வாங்கறதுக்கு. சின்னது குடுக்கறதுக்கு."

குத்தகை நெல் பெரிய மரக்காலில் வந்தது. கூலி நெல் சின்ன மரக்காலில் போனது.

அன்று இரவு நான் சரியாகத் தூங்கவில்லை. மறைத்துவிடலாம், பழைய காலத்தில் அளவு ஊருக்கு ஊர் மாறும் என்று சொன்னால் அது பொய்யும் ஆகாது. ஆனால் தேதியைத் தோண்டக் கற்றுக்கொடுத்துவிட்டு, தோண்டியது நம் வீட்டில் கிடைத்ததும் மூடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் உட்கார்ந்து பேசினோம். 1940-களில் பி. சீனிவாச ராவ் கீழத்தஞ்சைக்கு வந்து பண்ணையாட்களைத் திரட்டியது, சவுக்கடியும் சாணிப்பால் குடிக்க வைப்பதும் அவர்களுக்குத் தண்டனையாக இருந்தது, முத்திரையிட்ட மரக்காலில்தான் கூலி அளக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டது. கண்ட்ரோல் நீங்கிய அதே 1952-ல்தான் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது என்பதை அவளே நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாள். கீழ்வெண்மணியையும் சொன்னேன். கூலி நெல் கூடுதலாகக் கேட்ட போராட்டத்தின் நடுவே, 1968 டிசம்பர் 25 இரவு, ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்துபோன ஊர். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தான். குழந்தைக்கு எவ்வளவு சொல்லலாம் என்று தயங்கித் தயங்கித்தான் சொன்னேன்.

அவள் எதுவும் சொல்லாமல் சின்ன மரக்காலை எடுத்துக்கொண்டாள். தெற்குத் தெருவில் ஓர் ஆயா இருக்கிறார், எங்கள் வயலில் நட்டவர், அறுத்தவர். அவரிடம் கேட்க வேண்டும் என்றாள். எனக்குக் கால் கூசியது. ஆனாலும் கூடவே போனேன்.

ஆயா மரக்காலைக் கையில் வாங்கினார். உள்ளே பார்க்கவில்லை, விளிம்பை மட்டும் தடவினார்.

"இது உங்க வூட்டுச் சின்னதுல்ல?" என்றார். "எங்கம்மாவுக்குப் பாக்கவே வேணாம் பாப்பா. மூட்டையத் தலையில ஏத்துனாலே தெரிஞ்சுடும், எத்தன மரக்காலுக்கு எவ்வளவு கொறையுதுன்னு."

மகள் நோட்டைத் திறந்துகொண்டு, வழக்கம்போலக் கேட்டாள்: "அப்ப அணாவா ஆயா, நயாபைசாவா?"

"காச நாங்க எங்க பாத்தோம்?" என்றார் ஆயா. "நெல்லுதான்."

வருடம் எழுதும் இடத்தை அவள் காலியாக விட்டாள்.