காக்கைகள் காக்கும் கப்பல்

போர்த்துகல் நாட்டின் தலைநகராகிய லிஸ்பன், டேகஸ் ஆறு கடலொடு கலக்கும் இடத்தருகே அமைந்த பழம்பெரும் நகரம். அந்நகராட்சியின் கொடியில் முதற்கண் புலப்படுவன கருமையும் வெண்மையுமே. நடுவிலிருந்து எண்டிசையும் செல்லும் கோடுகள் கொடியை எட்டு முக்கோணங்களாகப் பகுக்க, அவை மாறிமாறிக் கருமையும் வெண்மையுமாய் விளங்குகின்றன. நடுவே நகரின் சின்னம் திகழ்கிறது.

பொன்னிறக் கேடயம், அதன்கண் அலைமேல் மிதக்கும் கரிய கப்பல். கப்பலின் முகப்பில் ஒரு காக்கை, பின்புறத்தில் ஒரு காக்கை! இவை கூரையில் கரையும் சிறு காக்கைகள் அல்ல. நம் அண்டங்காக்கையினும் பெரிய இனத்தவை. கேடயத்தின்மேல் ஐந்து கோபுரங்களையுடைய மதில்முடி உண்டு. பிற நகரங்களுக்கு அம்முடி வெள்ளியாய் இருக்க, தலைநகர்க்கு மட்டும் அது பொன்.

கப்பலிற் காக்கைக்கு என்ன வேலை?

கி.பி. 304-ஆம் ஆண்டளவில், உரோமப் பேரரசின் ஆட்சியில், வலென்சியா நகரில் வின்சென்ட் என்னும் கிறித்தவத் தொண்டர் தம் சமயத்தின் பொருட்டு உயிர் நீத்தார். அவருடல் விலங்குகட்கு இரையாக வெளியே எறியப்பட்டது. அப்போது காக்கையொன்று வந்து, பிற உயிர்கள் அணுகாதவாறு அதனைக் காத்தது என்பர். பிணந்தின்னும் பறவை பிணத்தைக் காத்ததெனின் வியப்பன்றோ! பிற்காலத்தில் அவருடைய எலும்புகள் போர்த்துகலின் தென்மேற்கு முனையில் வைக்கப்பட்டன என்பது மரபு. 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அராபிய நிலநூலறிஞர் இத்ரீசி, அம்முனையிலிருந்த கோயிலைக் 'காக்கைக் கோயில்' என்றே குறித்துள்ளார். மாற்றுச் சமயத்தாரும் அறிந்த செய்தியாதலின், இதனை வெறுங்கதையெனத் தள்ளுதல் எளிதன்று.

1147-இல் முதலாம் அல்பான்சோ மன்னன், சிலுவைப்போர் வீரரின் துணையொடு, ஏறத்தாழ நான்கு திங்கள் முற்றுகையிட்டு மூர்களிடமிருந்து லிஸ்பனைக் கைப்பற்றினான். சரணடைந்தாரைக் காப்பதாகச் செய்த உடன்படிக்கையை மீறி, வீரருட் சிலர் கொள்ளையில் இறங்கினர். தம் சமயத்தவரேயான முதிய ஆயர் ஒருவரையும் அவர்கள் கொன்றனர். 1173-இல் வின்சென்டின் எலும்புகள் அந்நகருக்குக் கப்பலில் கொணரப்பட்டன. இரு காக்கைகள் வழிநெடுக உடன்வந்தன என்பது ஊரார் நம்பிக்கை.

நகரை வென்ற போரே பெரிதென்று கருதியிருப்பின், கேடயத்துள் வாளேந்திய வீரனையோ வீழ்ந்த பகைவனையோ வரைந்திருத்தல் கூடும். லிஸ்பன் மக்கள் அவ்வாறு செய்திலர். துணைவந்த பறவைகளையே வரைந்தனர். இன்றும் அந்நகரின் பழைய தெருவிளக்குத் தூண்களில் இரும்பாலான அக்கப்பலைக் காணலாம். இருகோடியிலும் காக்கைகள் அமர்ந்திருக்க, அந்தி சாய்ந்ததும் அதனருகே விளக்கு எரிகிறது.