புகை இல்லாத வெல்டிங்



நம் வடுகபட்டிப் பக்கத்துப் பட்டறைகளுக்கும் டிக் வெல்டிங் வந்துவிட்டது. பழைய முறையில் ராடே உருகிப் பற்றாகும். இதில் டங்ஸ்டன் ஊசி உருகாது. அது உருக 3,422 டிகிரி செல்சியஸ் வேண்டும். அது ஆர்க்கை மட்டும் தரும், மறுகையால் கம்பியை ஊட்ட வேண்டும். சுற்றிலும் ஆர்கான் வாயு, காற்றை அண்டவிடாமல் காக்கும். 1940-களில் அமெரிக்காவில் விமானத்துக்கான மெக்னீசியத்தை ஒட்ட, ஹீலியம் வாயுவை வைத்துத் தொடங்கியது இது. நம் திருச்சி பெல்லில் பாய்லர் குழாய்களுக்கும் இந்த முறை உண்டு.

போன மாதம் ஒரு மாணவன் மெஷின் வாங்கிவிட்டுக் கூப்பிட்டான். ஒரு காலத்தில் நாலு பேர் தூக்கிய டிரான்ஸ்பார்மர் எங்கே, தோளில் மாட்டும் இந்த இன்வெர்ட்டர் எங்கே! எவர்சில்வர் கைப்பிடி ஒன்றைப் பற்றவைத்துக் காட்டினான். பொறி இல்லை, கசடு தட்டும் வேலை இல்லை. சரித்து அடுக்கிய காசு மாதிரி பற்று. மந்த வாயு பாடம் நடத்தும்போது "இதால என்ன சார் பிரயோசனம்?" என்று கேட்டவன் இவன்தான்!

ஆனால் கண்ணில் சாதாரண கூலிங் கிளாஸ். குழாயைப் பிடித்திருந்த பதினெட்டு வயதுப் பையனுக்கு அதுவும் இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறான். "இதுல புகையே இல்லையே சார்" என்கிறான் முதலாளி. புகை மறைக்காததால்தான் புற ஊதாக் கதிர் இன்னும் கடுமையாக வருகிறது. ராத்திரி கண்ணில் மணல் கொட்டினாற்போல் உறுத்தும். உருளைக்கிழங்கு வில்லை வைத்துக்கொண்டு படுத்தால் போதாது, டாக்டரிடம் போக வேண்டும். கையாளுக்கும் சேர்த்து, ஷேடு 10 அல்லது 11 கண்ணாடி போட்ட ஹெல்மெட் இரண்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

ஊசி முனையின் நிறத்தையும் பாருங்கள். சிவப்பென்றால் தோரியம் கலந்தது. பெட்ரோமாக்ஸ் மேண்டிலில் இருந்த அதே பொருள், கதிரியக்கம் உள்ளது. ஊசியைச் சாணை பிடிக்கும் தூசி மூச்சில் போகக் கூடாது. சாம்பல், தங்க நிற முனைகளில் தோரியம் கிடையாது; அவற்றையே கேட்டு வாங்குங்கள்.

ஆர்கான் காற்றைவிடக் கனமானது. தொட்டிக்குள் இறங்கி வேலை செய்தால் அடியில் தேங்கும். வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. ஃபேன் வைக்காமல், வெளியே ஓர் ஆள் நிற்காமல் இறங்காதீர்கள்.

திருச்சிப் பட்டறைகளில் இருக்கும் நம் பிள்ளைகள், எந்த ஹெல்மெட் நல்லது, என்ன விலை என்று கீழே எழுதுங்கள். அவனும் படிப்பான்.