வீட்டு எண்

சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் மாதிரி ஆல்பங்கள் ஆடிப்பெருக்கன்று வெளியாகும். அச்சகம் நடத்தும் மாமா, தமது ஆல்பத்தை இணையத்தில் ஏற்றித்தரச் சொன்னார். (பட்டாசு என்றால் 2018-இல் உச்ச நீதிமன்றம் இணைய விற்பனைக்குத் தடை விதித்துவிட்டது; காலண்டருக்கு அந்தத் தொல்லை இல்லை.)

ஃபிரேம்வொர்க் எதையும் நாடாமல் வெறும் ஜாவாஸ்கிரிப்டில் எழுதினேன். இருப்பது ஒரே பக்கம். முருகன் படத்தைத் தொட்டால், புஷ்ஸ்டேட் முகவரிப் பட்டையில் 'முருகன்/12' என்று எழுதிவிடும். வழங்கிக் கணினியை எட்டிக்கூடப் பார்க்காது. பின்செல்லும் பொத்தானை அழுத்தினால் பாப்ஸ்டேட் என்ற நிகழ்வு எழும். முகவரியைப் படித்து முந்தைய படத்தை வரையலாம். நாமே புஷ்ஸ்டேட்டை அழைக்கும்போது அந்நிகழ்வு எழாது, வரைவதும் நம் பொறுப்பே என்று புரிவதற்குள் ஓர் இரவு போயிற்று.

ஆடிப் பதினெட்டு காலையில் மாமா கோவில்பட்டி வாடிக்கையாளர் ஒருவருக்கு அந்த முகவரியை வாட்ஸப்பில் அனுப்பினார். அங்கே திறந்தது 404.

"மாப்ள, வீட்டு நம்பர் எழுதியிருக்க, வீட்டைக் காணோமேப்பா!"

உண்மைதான். வழங்கியில் அப்படியொரு கோப்பே கிடையாது. முதற்பக்கம் வழியாகவே நுழைந்து பார்த்துவந்த எனக்கு அது தெரியவில்லை. ஹேஷ் குறியிட்டு எழுதியிருந்தால் தப்பியிருப்பேன். அக்குறிக்குப் பின்னுள்ள பகுதி வழங்கிக்குப் போவதேயில்லை. நான் அழகு பார்த்தேன்.

எந்த வழியைக் கேட்டாலும் முதற்பக்கத்தையே கொடு என வழங்கியில் ஒரு விதி. பக்கம் திறந்தவுடன் முகவரியைப் படித்து வரைய நான்கு வரிகள். அரைமணி வேலை. அதற்குள் கோவில்பட்டிக்காரர் வேறோர் அச்சகத்துக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார்.