முதல் மூன்று மீட்டர்

நவம்பர் 14, 2021, ஞாயிறு

நேற்றைய மழை ஊரையே புரட்டிப் போட்டிருக்கிறது. நெய்யாற்றின்கரை மூன்றுகல்லின்மூட்டில் தேசிய நெடுஞ்சாலைப் பாலத்தின் ஒரு பக்கம் இடிந்து, வண்டிகளைச் சுற்றுவழியில் திருப்பிவிடுகிறார்கள். பாறசாலைக்கும் குழித்துறைக்கும் நடுவே தண்டவாளத்தில் மண் சரிந்து ரயில் போக்குவரத்தும் நின்றுவிட்டது.

மத்தியானம் தமிழ்நாடு–கேரள எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்தில் உள்ள ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் செக்ரட்டரி போனில் கூப்பிட்டார். மலையாளமும் தமிழும் கலந்து அவர் சொன்னதன் சாரம் இதுதான்: பழைய ரெக்கார்டு முறியில் ஓடு ஒழுகி அலமாரிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது, 2005 வரையிலான பேரேடுகள் ஊறிப் போயின, கூடவே பழைய பேக்கப் டேப்பும் நனைந்துவிட்டது. “அண்ணா, நான் அதைத் துடைச்சு வெயிலில் இட்டு உணக்கட்டே?”

“தொடவே தொடாதீங்க” என்றேன். வெயிலில் காய வைக்க வேண்டாம், ஹேர் டிரையர் வேண்டாம், அரிசிப் பானைக்குள் புதைக்க வேண்டாம். இருக்கிற ஈரத்தோடு அப்படியே பிளாஸ்டிக் கவரில் போட்டு மூடி வையுங்கள், நான் வருகிறேன் என்று சொன்னேன். செல்போன் நனைந்தால் அரிசிக்குள் வைக்கும் பழக்கம் எல்லோருக்கும் வந்துவிட்டது. டேப்புக்கு அரிசியின் தூசியே போதும், காந்தப் பூச்சைக் கீறிவிட.

நவம்பர் 15, திங்கள்

சங்கத்துக்குப் போய் வந்தேன். டேப், டிடிஎஸ்-3 வகை டாட் கேசட். பாட்டுக் கேசட்டைவிடச் சிறியது, நாடா நான்கு மில்லிமீட்டர்கூட அகலமில்லை. லேபிளில் பந்துமுனைப் பேனாவால் “31-3-2005 இயர் எண்ட்” என்று எழுதியிருக்கிறது. மை கரைந்து நீலமாகப் படர்ந்துவிட்டாலும் எழுத்து தெரிகிறது. திங்கள் முதல் சனி வரை நாளுக்கொரு கேசட் வைத்து மாற்றி மாற்றி எழுதியிருக்கிறார்கள். அவையெல்லாம் தேய்ந்து எப்போதோ குப்பைக்குப் போய்விட்டன. எஞ்சியது இது ஒன்றுதான். டேப் எழுதிய டிரைவும் பழைய யூனிக்ஸ் சர்வரும் புது மென்பொருள் வந்தபோதே பழைய சாமான் எடுக்கும் ஆக்கர்க்கடைக்குப் போயின. பதினாறு வருடமாக இந்தக் கேசட்டை யாரும் படித்துப் பார்க்கவில்லை.

இப்போது ஏன் இது தேவைப்படுகிறது என்பதைச் செக்ரட்டரி சொல்லவில்லை. வராந்தாவில் உட்கார்ந்திருந்த அம்மச்சிதான் சொன்னார். இஞ்சிவிளைப் பக்கம் வீடு. கணவர் இருந்த காலத்தில் வீட்டுப் புரயிடத்தின் பேரில் சங்கத்தில் கடன் எடுத்தார்கள். 2005 மார்ச்சில் ரப்பர் மரம் விற்ற காசில் மொத்தமாக அடைத்துவிட்டார்கள். இந்த வருடம் பிள்ளைகளுக்குப் பாகம் வைக்கலாமென்று வில்லங்கம் போட்டுப் பார்த்தால், நிலத்தின் மேல் கெஹான் அப்படியே கிடக்கிறது. இந்தக் கடனுக்கு நிலப் பிரமாணத்தை வைத்துப் பதிவு அடமானம் செய்யவில்லை. கெஹான் என்ற பத்திரத்தைச் சங்கம் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அனுப்பி நிலத்தின் மேல் பாத்தியதை ஏற்றும். கடன் தீர்ந்ததும் அதே சங்கம் ஒழிவும் அனுப்ப வேண்டும். இந்த நிலத்துக்கு ஒழிவு போகவேயில்லை.

காரணம் ஏறக்குறைய விளங்கிவிட்டது. 2005 ஏப்ரலில் புது மென்பொருளுக்கு மாறியபோது, பாக்கிக் கணக்கைப் பிப்ரவரி மாதக் கடைசிப் பட்டியலிலிருந்து ஏற்றியிருக்கிறார்கள். மார்ச்சில் அடைத்தவர்கள் அந்தப் பட்டியலில் கடன்காரர்களாகவே இருந்தார்கள். கையால் எழுதிய பேரேட்டைப் பார்த்துச் சிலரைத் திருத்தியிருக்கிறார்கள், சிலர் விட்டுப்போனார்கள். அந்தப் பேரேடு இப்போது பிரிக்க முடியாத காகிதக் கட்டி.

“மக்களே, ரசீது எல்லாம் பெட்டியிலதான் வச்சிருந்தேன். கறையான் தின்னுட்டு. நான் அடச்சது அடச்சதுதான். அது எங்கயாவது இருக்கும்லா?”

இருக்கும் அம்மச்சி என்று சொல்ல வாய் வந்தது. டேப்பைப் பார்க்காமல் அந்த வாக்கைக் கொடுக்கக் கூடாது என்று நிறுத்திக்கொண்டேன்.

நவம்பர் 17, புதன்

கேசட்டைத் திறந்தேன். நுண்ணிய திருகாணிகளைக் கழற்றி மேல்மூடியை எடுத்தபோது பூஞ்சை மணம் அடித்தது. முகக்கவசம் போட்டுக்கொண்டுதான் வேலை. நாடாவின் ஓரமெல்லாம் வெள்ளைப் புள்ளிகள். வெளிச்சுற்றில் செம்மண் கலங்கல் ஒட்டியிருக்கிறது.

இந்த வகை டேப்பில் மோசமான ஒரு விஷயம் உண்டு. 125 மீட்டர் நாடாவில் 12 ஜிபி பிடிக்கும். மீட்டருக்கு 96 எம்பி என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு கிராமச் சங்கத்தின் மொத்தக் கணக்கும் அந்தக் காலத்தில் 300 எம்பியைத் தாண்டாது. ஆக, இந்தக் கேசட்டில் எழுத்து இருப்பது முதல் மூன்று மீட்டரில் மட்டும். மிச்சமெல்லாம் வெற்று நாடா. திருப்பிச் சுற்றிய கேசட்டில் அந்த முதல் மூன்று மீட்டர் சுருளின் வெளிச்சுற்றில்தான் இருக்கும். தண்ணீரும் பூஞ்சையும் முதலில் தொடும் இடம் அதுவே. ஒவ்வொரு முறை டிரைவில் போடும்போதும் அதிகம் தேய்வதும் அதுவே. உள்ளே 120 மீட்டர் புதுக்கருக்கு மாறாமல் பளபளக்கிறது, அதில் ஒரு எழுத்தும் இல்லை.

பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரை இரண்டு கேன் வாங்கி வந்து, சுருளை அப்படியே அதில் அலசினேன். குழாய்த் தண்ணீரில் உள்ள உப்பு காய்ந்தால் நாடாவில் படிந்துவிடும், அதனால்தான் இது. பிறகு ஏசி போட்ட அறையில், மின்விசிறிக் காற்று நேரே படாமல், சிலிக்கா ஜெல் பைகளுக்கு நடுவே வைத்தேன். மெதுவாகத்தான் உலர வேண்டும். பாதி உலர்ந்த நாடாவை டிரைவில் போட்டால், சுழலும் உருளையில் ஒட்டிக்கொண்டு பூச்சு உரிந்து வரும். ஒரு தலைமுடியின் பருமனுக்குள் ஏழெட்டுத் தடங்கள் சாய்வாக எழுதப்பட்ட நாடா இது. உரிந்ததை எந்த வித்தையாலும் திரும்ப ஒட்ட முடியாது. சேதமான டேப்புகளில் பலவும் சாவது வெள்ளத்திலோ தீயிலோ அல்ல, ‘ஒரு தடவை போட்டுப் பார்ப்போம்’ என்று டிரைவுக்குள் தள்ளும் அந்த நிமிடத்தில்தான்.

பெரிய நிறுவனங்களின் எல்டிஓ டேப்பில் காயத்தின் குணம் வேறு. எல்டிஓ-4 நாடா 820 மீட்டர். 16 தலைகள் ஒரே நேரத்தில் எழுதிக்கொண்டு, நாடாவின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்கு 56 தடவை ஓடும். நடுவில் ஒரு சென்டிமீட்டர் கசங்கினால் 56 ஓட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சம் போகும். டாட்டில் அப்படியில்லை. கசங்கிய இடத்தில் இருந்தது போகும், மற்றது நிற்கும். அம்மச்சியின் வரி எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

நவம்பர் 19, வெள்ளி

நாடா உலர்கிறது, படிக்க டிரைவ் இல்லை. என்னிடம் இருந்த பழைய டிடிஎஸ் டிரைவில் ரப்பர் உருளை இளகிப் பிசுபிசுப்பாகிவிட்டது. அதில் இந்த நாடாவைப் போட மனம் வராது. திருவனந்தபுரத்தில் பழைய சாமான் கடைகளில் விசாரித்தேன், நாகர்கோவிலிலும் கேட்டுவிட்டேன். கடைசியில் சென்னை ரிச்சி தெருவில் ஒரு தம்பி, ஸ்கஸி கார்டும் கேபிளுமாக ஒன்று வைத்திருக்கிறேன் என்று படம் அனுப்பினான். கூரியரில் வருகிறது.

இந்த அலைச்சல் எனக்கு மட்டும் வந்ததல்ல. 1966, 67இல் நாசா அனுப்பிய ஐந்து லூனார் ஆர்பிட்டர் கலங்கள் எடுத்த நிலாப் படங்கள் சுமார் 1,500 பெரிய டேப்புகளில் இருந்தன. டேப்பைக் காத்தார்கள். அதைப் படிக்கும் ஆம்பெக்ஸ் எஃப்ஆர்-900 இயந்திரங்கள் உலகத்திலேயே அருகிவிட்டன. நான்சி எவான்ஸ் என்ற ஆவணக் காப்பாளர் குப்பைக்குப் போக இருந்த இயந்திரங்களைத் தன் வீட்டுக் கராஜில் வருடக்கணக்காக வைத்துக் காப்பாற்றினார். பிறகு டென்னிஸ் விங்கோவும் கீத் கவ்விங்கும் அவற்றைக் கலிஃபோர்னியாவில் நாசா ஏம்ஸ் வளாகத்துக்குக் கொண்டுபோய், மூடிக்கிடந்த ஒரு மெக்டொனால்ட்ஸ் கட்டடத்தில் வைத்துப் பழுது பார்த்தார்கள். 1966 ஆகஸ்ட் 23இல் நிலாவுக்கு அருகிலிருந்து எடுத்த பூமியின் படம் 2008இல் புதுத் தெளிவோடு வெளிவந்தது. அப்போலோ 11இன் மூல டேப்புகளுக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. வருடக்கணக்கில் தேடிய பிறகு, அவை அழிக்கப்பட்டு மறுபடி எழுதப் பயன்பட்டிருக்க வேண்டும் என்று 2009இல் நாசாவே சொல்லிவிட்டது.

நான்சி எவான்ஸ் செய்த காரியத்தை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது. யாரும் கேட்காதபோது, யாரும் காசு தராதபோது ஒரு இயந்திரத்தைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார். ரிச்சி தெருத் தம்பியும் என் கணக்கில் அந்த வரிசைதான்.

நவம்பர் 23, செவ்வாய்

சென்னை டிரைவ் வந்துசேர்ந்தது, இன்று படித்தேன். நாடாவை வேறொரு சுத்தமான கேசட் கூட்டுக்கு மாற்றியிருந்தேன். எழுதாமல் தடுக்கும் சின்னத் தாழ்ப்பாளை நகர்த்திவிட்டு, முதலில் ஒரு வெற்று டேப்பைப் போட்டு டிரைவைச் சோதித்தேன். பிறகுதான் இது. டேப்பின் தொடக்கக் குறிப்பு தெளிவில்லாவிட்டால், சில மென்பொருள்கள் ‘டேப் ஃபார்மட் ஆகவில்லை, ஃபார்மட் செய்யட்டுமா?’ என்று கேட்கும். அவசரத்தில் ஆமென்று அழுத்தினால் கதை முடிந்தது. அதனால் பேக்கப் மென்பொருளே வேண்டாமென்று, லினக்ஸில் பிளாக் பிளாக்காக வட்டுக்குப் பிரதி எடுக்கும் வழியில் போனேன்.

முதல் ஒன்றரை மீட்டர் நன்றாக வந்தது. ரீட்–சாலமன் பிழைதிருத்தம் செய்கிற புண்ணியம் அது. இர்விங் ரீடும் குஸ்டாவ் சாலமனும் 1960இல் எழுதிய கணக்கு, கறை படிந்த நாடாவில் காணாமல் போன பிட்களை மிச்சமுள்ளவற்றிலிருந்து கட்டியெழுப்புகிறது. கசங்கிய இடம் வந்ததும் அதனாலும் முடியவில்லை. டிரைவ் முன்னும் பின்னும் முனகி, மீடியம் எரர் என்று நின்றது. அங்கேயே மறுபடி மறுபடி முயன்றால் தலைதான் கெடும். அந்த இடத்தை விட்டுத் தாண்டி, அடுத்த பிளாக் எண்ணுக்குத் தாவச் சொன்னேன். ஓடியது.

அந்தக் காலத்துச் சங்க ஊழியர் டேட்டாவைச் சுருக்காமல் வெறும் டார் கட்டாக எழுதியிருந்தார். யார் அவரோ, நன்றாக இருக்கட்டும். ஒரே கட்டாகச் சுருக்கியிருந்தால் காயத்துக்குப் பிந்தியது பெரும்பாலும் கைவிட்டுப் போயிருக்கும். டாரில் ஒவ்வொரு கோப்புக்கும் முன்னால் 512 பைட்டில் பெயர், அளவு, தேதி, சரிபார்ப்புக் கூட்டு எல்லாம் இருக்கும். இடைவெளிக்குப் பிறகு 512, 512 ஆகக் கூட்டிப் பார்த்துக்கொண்டே போனால், கூட்டு பொருந்தும் இடத்தில் அடுத்த கோப்பு தொடங்கிவிட்டது என்று அறியலாம்.

நவம்பர் 24, புதன்

கடன் பேரேட்டுக் கோப்பின் தலைப்பகுதி கசங்கலில் போய்விட்டது. ஆனால் பழைய டிபிஎஃப் கோப்பில் எல்லா வரியும் ஒரே நீளம். தினசரிக் கணக்குக் கோப்பில் இருந்த கடன் எண்களை வைத்து வரியின் நீளத்தைக் கண்டுபிடித்ததும், தலைப்பு இல்லாமலே வரிவரியாக வெட்ட முடிந்தது. சில நூறு வரிகள் இல்லை. அம்மச்சியின் வரி இருந்தது. கணவர் பெயர், வீட்டுப் பெயர், சர்வே எண், முடித்த தேதி 22-03-2005, பாக்கி 0.00. அதே தேதியின் ரொக்கக் கோப்பிலும் அதே தொகை வரவு. இரண்டு கோப்பும் ஒன்றையொன்று ஒப்புகின்றன.

இதைச் செக்ரட்டரிக்குக் காட்டியபோது, அம்மச்சியைப் போலவே விட்டுப்போன வேறு பெயர்களும் பட்டியலில் இருப்பதை இருவரும் பார்த்தோம். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “எல்லாருக்கும் ஒழிவு அனுப்பணும்” என்றார்.

அச்செடுத்த தாளை மட்டும் நீட்டினால் போதாது. மின்னணுப் பதிவைச் சாட்சியாக ஏற்க அன்றைய இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுச் சான்று வேண்டும் என்பதை 2014இல் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது. அன்வர் என்பவர் தொடுத்த அந்த வழக்கே கேரளத்துத் தேர்தல் வழக்குதான். ஆகவே டேப்பிலிருந்து எடுத்த முழுப் பிரதிக்கு ஹாஷ் எண் கணக்கிட்டு, எந்த டிரைவில், எந்த இயந்திரத்தில், எந்த முறையில் படித்தேன், எந்தப் பகுதி கிடைக்கவில்லை என்பதையெல்லாம் எழுதிக் கையெழுத்திட்டேன். கிடைக்காததை மறைக்காமல் எழுதினால்தான் கிடைத்ததை நம்புவார்கள்.

நவம்பர் 28, ஞாயிறு

மாநிலங்களைப் பிரித்த 1956 நவம்பர் 1இல் விளவங்கோடு அந்தப் பக்கமும் நெய்யாற்றின்கரை இந்தப் பக்கமும் ஆனபோது, எங்கள் குடும்பங்களின் நிலமும் சொந்தமும் இரண்டு மாநிலத்தில் விழுந்தன. ஒரே வீட்டுச் சொத்துக்கு இங்கே ஒரு அலுவலகம், அங்கே ஒரு அலுவலகம் என்று அலைந்தே பழகியவர்கள் நாங்கள். அப்படி அலைந்தவர்களுக்குக் கைகொடுத்தது சார்பதிவாளர் அலுவலகத்தின் 1ஆம் புத்தகம். பதிவான ஒவ்வொரு பிரமாணத்தின் நகலையும் அரசு தன்னிடம் வைத்திருக்க 1908ஆம் வருடப் பதிவுச் சட்டமே வகை செய்தது. வீட்டுப் பிரமாணம் கறையானுக்குப் போனாலும் நகல் கிடைக்கும். அந்தப் புத்தகத்தை யாராவது நகலுக்காகப் புரட்டிக்கொண்டே இருந்தார்கள், அதனால் அது படிக்கும்படி இருக்கிறது. சங்கத்து டேப்பை யாரும் புரட்டவில்லை.

2011 பிப்ரவரியில் கூகுள் மென்பொருள் பிழையால் 0.02 சதவீத ஜிமெயில் கணக்குகளில் கடிதங்கள் மறைந்தபோது, அவர்களும் டேப்பிலிருந்துதான் மீட்டார்கள். மீட்கத் தெரிந்த ஆளும் படிக்கும் இயந்திரமும் அன்றைக்கும் கையில் இருந்தன, அவ்வளவுதான் வித்தியாசம்.

இதைப் படிப்பவர்களில் பாறசாலை, நெய்யாற்றின்கரை, களியக்காவிளைப் பக்கம் சங்கம், பள்ளி, ஆஸ்பத்திரி, சர்ச், நூலகம் எதிலாவது பொறுப்பில் இருப்பவர்கள் இருந்தால் ஒரு வேண்டுகோள். அலமாரியில் பழைய கேசட்டோ டேப்போ இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். இருந்தால் தரைத்தட்டிலிருந்து எடுத்து உயரத்தில், உலர்ந்த இடத்தில் வையுங்கள். அதைப் படிக்கும் டிரைவ் பக்கத்தில் இருந்தால் ஆக்கர்க்காரருக்குக் கொடுத்துவிடாதீர்கள். நன்றாக இருக்கும்போதே ஒருமுறை முழுக்கப் படித்து, புது வட்டில் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வேறு கட்டடத்தில் வையுங்கள். நனைந்துவிட்டதென்றால் டிரைவில் போடாதீர்கள். ஈரத்தோடு கவரில் மூடி, தெரிந்தவர் கையில் கொடுங்கள்.