எந்த ஊர் நமக்குக் கட்டுபடியாகும்?

கேகாலையிலிருந்து கரவனெல்லைக்குச் செல்லும் பாதையில் வருகிறது புளத்கொகுபிட்டிய. ஒரு கடைத்தெரு, பிரதேச செயலகம், பஸ் நிற்கும் இடம். இவற்றைத் தாண்டினால் இரண்டு பக்கமும் மலைதான். தாழ்வான இடங்களில் றப்பர், மேலே ஏற ஏறத் தேயிலை. மழைக்குக் குறைவில்லாத ஊர். என் பாட்டி காலத்திலிருந்து எங்கள் குடும்பம் இங்கே ஒரு தோட்டத்து லயத்தில் இருக்கிறது. நான் 22 வருடமாகப் பால் வெட்டுகிறேன்.

இந்த ஊரை விட்டுப் போவதா, போனால் எங்கே போவது என்ற பேச்சு இப்போது எங்கள் லயத்தில் எல்லா வீடுகளிலும் நடக்கிறது. பிள்ளைகள் போக வேண்டும் என்கிறார்கள். பெரியவர்கள் யோசிக்கிறார்கள். பெண்கள் நாங்கள் இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு அரிசிப் பானையைப் பார்க்கிறோம்.

போக நினைப்பதற்குக் காரணங்கள் உண்டு. முதலாவது, மழை. விடியற்காலையில் மழை பெய்தால் மரத்தில் கத்தி வைக்க முடியாது. அன்றைக்குப் பேர் இல்லை. 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபா ஆனது. 2024 செப்டெம்பரில் 1350 ஆனது. 2026 வரவு செலவுத் திட்டத்தில் அதை 1550 ஆக்கி, வேலைக்கு வரும் நாளுக்கு அரசாங்கம் 200 ரூபா சேர்த்துக் கொடுக்கும் என்று அறிவித்தார்கள். கூடியது நல்லதுதான். ஆனால் மாதத்தில் எத்தனை பேர் விழுகிறதோ அதுதான் நமக்குச் சம்பளம். வெயில் மாதத்தில் எனக்கு 22 பேர் விழும். மழை மாதத்தில் 12 கூடச் சேராது.

இரண்டாவது, படிப்பு. சாதாரண தரம் வரை எப்படியோ படித்துவிடுகிறார்கள். உயர்தரத்துக்குத் தமிழில் விரும்பிய பாடம் படிக்க இடமும் ஆசிரியரும் தேடி அலைய வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, மண். 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது நாடு முழுவதும் தெரிந்த செய்தி. அதே நாளில் எங்கள் புளத்கொகுபிட்டிய பகுதியில் களுபான தோட்டத்திலும் மலை இறங்கியது. லயத்தில் இருந்த பத்துக்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலைநாடு எங்கும் மறுபடி அதே கதை. எங்கள் லயத்துக்குப் பின்னாலும் ஒரு சரிவு இருக்கிறது. இரவில் கன மழை பிடித்தால் மாமியை எழுப்பிக் கூட்டிக்கொண்டு பாடசாலைக் கட்டடத்துக்குப் போய்விடுவோம். எத்தனை வருடம் இப்படிப் போய்ப் போய் வருவது?

ஊர் மாறுவது நம்மவர்களுக்குப் புதிது அல்ல. 1964 ஒக்டோபரில் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி லட்சக்கணக்கானவர்கள் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். வியாபாரக் கடன் வாங்கிக்கொண்டு பழக்கமில்லாத ஊர்களில் கடை போட்ட பலர் பணம் கரைந்த பின் நீலகிரிப் பக்கம் கூலி வேலை தேடிப் போனார்கள். குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கத்தில் தேயிலை இருந்தது. கொழுந்து எடுக்கத் தெரிந்த கைக்கு அங்கே வேலை இருந்தது. றப்பர் தெரிந்தவர்களுக்குக் கேரளத்தில் புனலூரிலும், கர்நாடகத்தில் சுள்ளியா, புத்தூர் பக்கத்திலும் அரசாங்கமே தோட்டம் போட்டு வேலை கொடுத்தது. இங்கே உள்நாட்டிலும் 1977, 1981, 1983 வன்செயல்களுக்குப் பின் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறினார்கள். அவர்கள் விரட்டப்பட்டுப் போனவர்கள்; ஊரைத் தெரிவு செய்ய அவர்களுக்கு நேரம் இருக்கவில்லை. நமக்கு இருக்கிறது. அதனால் பார்த்துப் போக வேண்டியது நம் பொறுப்பு.

போன வருடம் நானும் என் வீட்டுக்காரரும் ஒரு கொப்பி வாங்கினோம். முதலில் தோட்டத்தில் காசு கொடுக்காமல் எதையெல்லாம் பெறுகிறோம் என்று ஒரு மாதம் எழுதினேன். காம்பராவுக்கு வாடகை இல்லை. பீலித் தண்ணீருக்குப் பட்டியல் வராது. விறகு றப்பர் மலையில் கிடைக்கும். பலாக்காய், ஈரப்பலா, மரவள்ளி, கீரை எல்லாம் வாசலில். சிறு பிள்ளைகளுக்குப் பிள்ளைக் காம்பரா. இவை எல்லாவற்றையும் விலைக்கு வாங்கினால் என்ன ஆகும் என்று கடையில் விசாரித்துக் கூட்டினேன். வாடகையைச் சேர்க்காமலே மாதத்துக்கு ஒன்பது பேர்! அதாவது ஒன்பது நாள் நான் மரம் மரமாக ஏறி இறங்கும் கூலி. எந்த ஊருக்குப் போனாலும் இந்த ஒன்பது பேர் நம்மோடு பஸ் ஏறும். ரூபாவில் எழுதினால் ஊருக்கு ஊர் மயக்கும். பேர்க் கணக்கில் எழுதிப் பாருங்கள், உண்மை தெரியும்.

பிறகு நான்கு ஊர்களுக்குப் போய்ப் பார்த்தோம்.

முதலில் வத்தளை. என் நாத்தனார் அங்கே இருக்கிறார். கொழும்புக்குப் பக்கம், வேலைக்குக் குறைவில்லை, தமிழ்ப் பாடசாலையும் கோயிலும் கடையும் உண்டு. இரண்டு அறை வீட்டுக்கு எங்களிடம் கேட்ட வாடகை 20 பேர். அதற்கு மேல் ஆறு மாத முற்பணம். நாத்தனார் கையில் வாங்குவது என்னைப்போல் இரண்டு மடங்கு. வாடகை, தண்ணீர், மின்சாரம், காஸ், பிள்ளைகளின் வான் காசு எல்லாம் போய் மாதக் கடைசியில் மிஞ்சுவதைக் கேட்டேன். என்னிடம் மிஞ்சுவதும் அவரிடம் மிஞ்சுவதும் ஒன்றுதான். "அங்கே நீ வாசலில் பாய் போட்டுப் படுக்கலாம் அண்ணி, இங்கே அதற்கும் இடமில்லை" என்றார்.

அடுத்தது ஹட்டன். எட்டியாந்தோட்டை, கித்துல்கல, கினிகத்தேனை என்று மேலே ஏறும் பாதை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் காதில் விழுவதெல்லாம் தமிழ். மனது குளிர்ந்துவிட்டது. ஹைலன்ட்ஸ் கல்லூரி போல பேர் பெற்ற பாடசாலைகள், டிக்கோயாவில் பெரிய ஆஸ்பத்திரி. வாடகை 10 பேர். ஆனால் உடம்பும் குளிர்ந்தது. மாமிக்கு இழுப்பு உண்டு; அந்த மூன்று நாளில் இரண்டு தடவை மருந்து வாங்கினோம். இன்னொன்றும் இருக்கிறது. அங்கே றப்பர் மரமே இல்லை. 22 வருடம் பழகிய என் கத்திக்கு அங்கே விலை இல்லை. இந்த வயதில் கூடை மாட்டிப் புதிதாகக் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கப் போனால், பழகிய பெண்களுக்குப் பக்கத்தில் என் நிறை என்ன நிற்கும்?

மூன்றாவது வவுனியா. 1977க்குப் பின் போன என் பெரியம்மா வீட்டார் அங்கே இருக்கிறார்கள். வாடகை ஆறு பேர்தான். காணியும் மற்ற ஊர்களைவிட மலிவு. கச்சேரியிலும் ஆஸ்பத்திரியிலும் பொலிசிலும் தமிழிலேயே பேசலாம். இது சின்ன விஷயமில்லை. ஆனால் மலிவுக்குக் காரணம் கேட்க வேண்டும். பெரியம்மா வீட்டார் நாற்பது வருடத்துக்கு மேல் உழுத காணிக்கு இன்னும் உறுதி இல்லை. கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பு. அந்தப் பகுதிகளில் சிறுநீரக நோய் பலரைப் பிடித்திருப்பதால் குடிக்கும் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். மேசன் வேலை தெரிந்த என் வீட்டுக்காரருக்கு வேலை கிடைக்கும். எனக்கு வெயிலில் வெங்காயம் பிடுங்கும் வேலைதான்.

நான்காவது அவிசாவளை. கரவனெல்லையில் பஸ் மாறினால் எங்களுக்குப் பக்கம்தான். ஆனாலும் அது மேல் மாகாணம், கொழும்பு மாவட்டம். சீதாவக்கை ஏற்றுமதி வலயத்தில் தொழிற்சாலைகள் இருக்கின்றன. களனிவெளிப் பாதையில் கோட்டைக்கு ரயில் ஓடுகிறது. மெதுவான ரயில்தான், ஆனால் சீசன் டிக்கெட் எடுத்தால் பஸ்ஸைவிட மிக மலிவு. அதே பாதையில் அவிசாவளைக்குக் கொஞ்சம் முன்னால் வருகிறது புவக்பிட்டிய. அங்கே தமிழ் மகா வித்தியாலயம் இருக்கிறது. கடைத்தெருவை விட்டு உள்ளே தள்ளி இரண்டு அறை வீட்டுக்கு ஒன்பது பேர் கேட்டார்கள். வவுனியாவைவிடக் கூட. ஆனால் சுற்றிலும் சிறு றப்பர்க் காணிகள். வெட்ட ஆள் இல்லாமல் மரங்கள் நிற்கின்றன. பாதிக்குப் பாதி பங்குக்கு வெட்டுவதற்கு அன்றைக்கே இரண்டு பேர் என்னைக் கேட்டார்கள். கத்தியைக் கொண்டுபோனால் மறுநாளே காசு. சிங்களம் பேசும் ஊர்தான். கேகாலையில் பிறந்த நமக்கு அது தடையில்லை.

அங்கேயும் கவனிக்க வேண்டியது உண்டு. சீதாவக்கை ஆற்றுப் பக்கம் வெள்ளம் வரும். முதலில் காட்டிய வீட்டின் சுவரில் இடுப்பு உயரத்தில் ஒரு கறை. புதுச் சுண்ணாம்பு பூசியும் தெரிந்தது. மண்ணுக்குப் பயந்து தண்ணீரில் போய் விழக்கூடாது என்று திரும்பிவிட்டோம். இப்போது பேசியிருப்பது மேட்டில் இருக்கும் வீடு.

ஆகவே, வாடகை குறைந்த ஊர்தான் கட்டுபடியாகும் ஊர் என்பதில்லை. நம் கைத்தொழிலுக்கு விலை கிடைக்கும் ஊரே நமக்குக் கட்டுபடியாகும். வவுனியாவில் மிச்சமாகும் மூன்று பேர், என் கத்தி சும்மா இருக்கும் ஒரு வாரத்தில் போய்விடும்.

போவதென்று தீர்மானித்தாலும் எல்லோரும் ஒரே நாளில் போகவில்லை. எனக்கு இப்போது 47 வயது. பெண்கள் 50 வயதில் வேலையை விட்டு ஊழியர் சேமலாப நிதியை எடுக்கலாம்; ஆண்களுக்கு 55. பணிக்கொடை ஒரு வருட வேலைக்கு 14 நாட் சம்பளம், அதுவும் கடைசியாக வாங்கிய சம்பளக் கணக்கில். இன்றைக்கு விட்டால் எனக்கு 308 பேர். மூன்று வருடம் பொறுத்தால் 350 பேர். அதோடு, வீட்டில் தோட்டத்தில் பேர் பதிந்தவர் ஒருவரும் இல்லையென்றால் காம்பராவைத் திருப்பிக் கேட்பார்கள். ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் வரும் என்று காத்திருக்கும் பட்டியலில் என் பெயரும் இருக்கிறது. அதனால் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் மாமியும் முதலில் போகிறார்கள். நான் வேலை நாட்களில் பக்கத்து டிவிஷனில் என் அக்கா வீட்டில் தங்குவேன். அது சரிவு இல்லாத இடம். சனிக்கிழமை பால் கொடுத்துவிட்டு பஸ் ஏறுவேன். மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான். எனக்கும் லேசாக இல்லை.

ஊர் மாற நினைக்கும் சகோதரிகளுக்கு நாங்கள் அலைந்து தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

1. ஊரை மழை நாளில் ஒரு தடவையும் வெயில் நாளில் ஒரு தடவையும் பாருங்கள். சுவரில் வெள்ளக் கறை இருக்கிறதா, பின்னால் சரிவு இருக்கிறதா, கிணறு வற்றுகிறதா என்று அயல் வீட்டுப் பெண்ணிடம் கேளுங்கள். மண்சரிவு அபாயமுள்ள இடமா என்பதைப் பிரதேச செயலகத்தில் கேட்கலாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அடையாளம் இட்டுக் கொடுத்திருக்கிறது.

2. பாடசாலையில் பாடம் இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தப் பாடத்துக்கு இந்த வருடம் ஆசிரியர் இருக்கிறாரா என்று கேளுங்கள்.

3. வாடகை வீட்டு முகவரியில் உங்கள் பெயரைப் பதிய வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும். கிராம உத்தியோகத்தர் பதிவு, வாக்காளர் இடாப்பு, அஸ்வெசும, பாடசாலை அனுமதி எல்லாம் முகவரியைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கும். தோட்டத்தில் கடிதம் கந்தோருக்கு வந்தது. வெளியே நம் வாசலுக்கு வர வேண்டும். ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குங்கள்.

4. வேலையை விடுவதற்கு முன் சேமலாப நிதிக் கணக்கில் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் காசு எடுக்க மாதக்கணக்கில் அலைய வேண்டிவரும்.

5. முற்பணத்துக்கு நகையை அடகு வைத்தால், அந்த வட்டியையும் பேர்க் கணக்கில் வாடகையோடு சேருங்கள்.

6. வீட்டுப் பெண் என்ன வேலை செய்யப் போகிறாள் என்பது தெரியாமல் ஊரைத் தீர்மானிக்க விடாதீர்கள். ஆண் வேலைக்காக ஊர் மாறி, பெண் சும்மா இருக்க நேர்ந்த குடும்பங்கள்தான் முதலில் கடனில் விழுகின்றன.

வரும் தவணைக்கு மகளைப் பாடசாலையில் சேர்க்க வேண்டும். கொப்பியில் இன்னும் பக்கங்கள் மீதி இருக்கின்றன. புது வீட்டின் முதல் மாதச் செலவை அவளையே எழுதச் சொல்லியிருக்கிறேன், பேர்க் கணக்கில்தான்.