பிள்ளைகள் வளர போடி நல்ல ஊரா?

விடிந்தும் விடியாத நேரத்திலேயே போடிநாயக்கனூரிலிருந்து ஜீப்புகள் கிளம்பிவிடுகின்றன. 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, போடிமெட்டைத் தாண்டி, இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளர்கள் பொழுது சாயும்போதுதான் வீடு திரும்புவார்கள். அதுவரை வளர்ந்த பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது? பிழைப்புக்காக இங்கே குடிவரும் பெற்றோரின் கவலை இதுதான்.

படிப்புக்குக் குறையில்லை. ஏல விவசாயிகள் சங்கத்தின் கல்லூரி இருக்கிறது. 2012-ல் அரசு பொறியியல் கல்லூரியும் வந்தது. 2010 கடைசியில் நின்றுபோன ரயில், அகலப் பாதையில் 2023 ஜூனில் திரும்பிவிட்டது. மதுரையில் சேர்ந்து படிக்கும் பிள்ளை, லீவுக்கு ரயிலேறி வீட்டுக்கு வந்துவிடலாம்.

ஆபத்து காசில் இருக்கிறது. பத்தாம் வகுப்பு லீவில் கூலிக்குப் போகும் பையன், கையில் பணம் புரண்டதும் பதினொன்றாம் வகுப்பை மறந்துவிடக்கூடும். தோட்டத்தை நம்பிப் படிப்பை விடுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு ஏலக்காயே சாட்சி: 2019-ல் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட காய், மூன்றே ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது.

ஆகவே, குடிவருவதற்கு முன் வாடகையை மட்டும் விசாரிக்காதீர்கள். பள்ளிவிட்டு வரும் பிள்ளையிடம் "சாப்பிட்டியா, என்ன படிச்சே?" என்று கேட்க பாட்டியோ, சித்தியோ, பக்கத்து வீட்டு அக்காவோ இருப்பார்களா என்று பாருங்கள். இருந்தால், போடி நல்ல ஊர்தான்!