டிடிஒய்எஸ் ஒன்றும் ஆடிக் காற்றும்

கம்பத்தில் திராட்சைப் பந்தலுக்கு அடியில் நின்றபடியே போடி ஏலக்காய் ஏல விலையைப் போனில் பார்த்துவிடுகிறார்கள். நல்லதுதான். ஆனாலும் இணைப்பு எந்த வழியாகப் போகிறது என்று விரலால் தொட்டுக் காட்ட முடிந்த காலத்துக்கு என் மனம் ஏங்குகிறது.

1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பெருநகரங்களில் தொடங்கிய இணையம், எங்கள் பள்ளத்தாக்குக்கு மெதுவாகத்தான் வந்தது. கணினிப் பத்திரிகையோடு வந்த லினக்ஸ் சிடியைப் போட்டுவிட்டு மோடத்தோடு உட்காருவோம். பெட்டியின் பின்னால் இரண்டு சீரியல் போர்ட். ஒன்றை மவுஸ் பிடித்துக்கொள்ளும், மற்றது மோடத்துக்கு. விண்டோஸில் காம்-2 என்பது லினக்ஸில் டிடிஒய்எஸ்1. எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குவதால் முதலில் எல்லோரும் தடுமாறினோம்.

அதே போர்ட்டுக்கு சியுஏ1 என்று இன்னொரு பெயரும் இருந்தது. வெளியிலிருந்து வரும் அழைப்பை ஏற்க டிடிஒய்எஸ் என்ற பெயர். அது எதிர்முனையின் கேரியர் சிக்னல் வரும்வரை காத்திருக்கும். நாம் டயல் செய்ய சியுஏ என்ற பெயர். அது காத்திருக்காமல் உடனே திறக்கும். டயல் செய்தால்தானே கேரியரே வரும்! ஒரு புரோகிராம் ஒரு பெயரிலும் மற்றொன்று வேறு பெயரிலும் பூட்டுப் போட்டால், இரண்டும் ஒரே மோடத்தில் மோதிக்கொள்ளும். அதனால்தான் 1999-இல் வந்த லினக்ஸ் 2.2 கெர்னல், சியுஏவைத் தொட்டாலே அது பழசு என்று எச்சரித்தது.

மினிகாம் என்ற புரோகிராமில் சரியான பெயரைக் கொடுத்து, ஏடிஇசட் என்ற மோடம் கட்டளையைத் தட்டினால் 'ஓகே' என்று பதில் வரும். அந்த இரண்டு எழுத்துக்கு அத்தனை சந்தோஷம். டயல் செய்து எதிர்முனையின் கேரியர் வந்ததும், அதைக் காட்டும் சிடி விளக்கு மோடத்தில் எரியும். ஆடி மாதத்தில் கம்பம் கணவாய்க் காற்று கம்பத்துக் கம்பிகளை உரசவிட்டால் லைன் கரகரக்கும், விளக்கு அணையும், திரையில் 'நோ கேரியர்'. எது அறுந்தது, எங்கே அறுந்தது என்று அப்போதே தெரிந்துவிடும்.

அந்தக் காலத்து மெதுவான வேகம் எனக்கு வேண்டாம். அந்தத் தெளிவுதான் வேண்டும். இன்று தேனிப் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் சிறு சர்க்யூட் போர்டுகளை யுஎஸ்பியில் செருகும்போது லினக்ஸில் டிடிஒய்யுஎஸ்பி0 என்று ஒரு பெயர் முளைக்கிறது. அதே பழைய வம்சம். கிடைத்த பெயரைப் போட்டு ஓட்டிவிடாமல், அதன் பின்னால் எந்த வயர் இருக்கிறது என்று அவர்கள் ஒருமுறை தேடிப் பார்க்க வேண்டும். எங்களுக்குக் கிடைத்த பெரிய படிப்பு அந்தத் தேடல்தான்.